முதலில் காலைப் பாருங்கள்!

*குழந்தையைச் சைக்கிளில் அழைத்துச் செல்வது பற்றி வாசகர்களின் கேள்விகளும் நமது பதில்களும்*

கேள்வி: கேரியரில் தலையணையைக் கட்டி, மூன்று வயதுப் பேரனை உட்கார வைத்து பால்வாடிக்குக் கூட்டிப் போகிறேன். அவன் அப்பனையும் இப்படித்தான் கூட்டிப் போனேன். மருமகள் கூடவே கூடாது என்கிறாள். யார் சொல்வது சரி? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி. தலையணை உட்காரும் இடத்துக்கு. ஆபத்து இருப்பதோ காலுக்கு. கேரியரில் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பிள்ளையின் குதிகால், பின்சக்கரத்தின் ஸ்போக்ஸுக்குப் பக்கத்திலேயே வருகிறது. கண் சொக்கினாலும் போதும், தெருநாயைத் திரும்பிப் பார்த்தாலும் போதும், கால் உள்ளே போய்விடும். சுழலும் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிய பாதம் கத்தரிக்கோலில் மாட்டியது போலத்தான். குதிகால் தோல் உரியும், எலும்பு முறியலாம், குதிகாலின் பின்னால் ஓடும் தசைநாண் அறுந்தும் போகலாம். நம் ஊர் எலும்பு மருத்துவர்களுக்கு நன்கு பழக்கப்பட்ட காயம் இது. உங்கள் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் மகிழ்ச்சி. பேரன் விஷயத்தில் அதையே நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள்தான் எனக்கு இன்னும் ஓடுகிறது. குழந்தைக்காகப் புது சைக்கிள் வாங்க வசதி இல்லை. என்ன செய்யலாம்? (விருத்தாசலம் வாசகி)

பதில்: சைக்கிள் இருக்கட்டும். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஸ்போக்ஸை மறைக்கக் கெட்டியான வலையோ தகடோ பொருத்தச் சொல்லுங்கள். அடுத்து, முதுகுச் சாய்மானம், பெல்ட், பாதத்தை வைத்துக் கட்டும் இடம் மூன்றும் உள்ள குழந்தை சீட்டு. கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வலையை இன்றே போடுங்கள். சீட்டு வாங்கும்வரை குழந்தையை நடத்திக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: எட்டு மாதக் கைக்குழந்தை. துப்பட்டாவால் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, தடுப்பூசி போட சைக்கிளில் போகலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: வேண்டாம். சைக்கிள் சாய்ந்தால் நீங்கள் குழந்தையின் மேலேயே விழுவீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரையும். அந்த வயதில் கழுத்துக்குக் குலுக்கலைத் தாங்கும் பலம் இல்லை, ஹெல்மெட்டைச் சுமக்கும் பலமும் இல்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே, அதில் போய் வாருங்கள்.

கேள்வி: முன்சீட்டா, பின்சீட்டா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ஐரோப்பியத் தரவிதி முன்சீட்டுக்கு 15 கிலோ வரையும், பின்சீட்டுக்கு 22 கிலோ வரையும் அனுமதிக்கிறது. சிறு குழந்தை முன்னால் இருந்தால் உங்கள் கண்ணெதிரே இருக்கும், பேச்சுக் கொடுக்கலாம். ஆனால் ஹேண்டில் கனக்கும், முழங்கால் இடிக்கும். பின்சீட்டில் முதுகும் தலையும் நன்றாகத் தாங்கப்படும், நாலைந்து வருஷம் உழைக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்சீட்டு. ஹேண்டில்பாரில் கொக்கி போட்டு மாட்டும் பழைய கம்பி நாற்காலி மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பெல்ட்டும் இல்லை, முன்சக்கரத்திலிருந்து காலுக்கு மறைப்பும் இல்லை.

கேள்வி: கடையில் எதைப் பார்த்து வாங்குவது? (ஈரோடு வாசகி)

பதில்: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கால் வைக்கும் குழியின் பக்கச்சுவர், பாதம் சக்கரத்தைத் தொட முடியாதபடி இருக்க வேண்டும். எடைமையம் எங்கே என்று சீட்டிலேயே குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறி பின்சக்கர அச்சுக்குப் பின்னால் 10 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. போனால் சைக்கிள் முன்பக்கம் தூக்கும். கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சடித்திருந்தால் குழந்தையையும் சீட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்னொன்று, நம் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய ஸ்பிரிங் இருக்குமே, பின்னால் உட்காரும் குழந்தையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். நீங்கள் உட்காரும்போது ஸ்பிரிங் அமுங்கும், விரல் நசுங்கும். கெட்டித் துணியோ ரெக்சினோ சுற்றி மூடிவிடுங்கள்.

கேள்வி: பால் வாங்க ஒரு நிமிடம். ஸ்டாண்டு போட்டு, குழந்தையைச் சீட்டிலேயே விட்டுப் போகலாமா? (மதுரை வாசகி)

பதில்: அரை நிமிடம்கூட வேண்டாம். குழந்தை ஒருபக்கம் எட்டிப் பார்த்தால் சைக்கிள் சாயும். சீட்டின் உயரத்திலிருந்து தலை தரையில் மோதும். குழந்தை சீட்டு மாட்டிய சைக்கிள்கள் தெருவெங்கும் ஓடும் ஜப்பானிலேயே, நிறுத்திய சைக்கிள் சாய்வது பற்றி எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் ஏற்ற வேண்டியதும் முதலில் இறக்க வேண்டியதும் குழந்தையைத்தான்.

கேள்வி: சைக்கிளுக்கெல்லாம் ஹெல்மெட்டா? (சேலம் வாசகர்)

பதில்: ஆமாம். மோட்டார் சைக்கிளில் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும் என்று மத்திய அரசு 2022-ல் விதி வகுத்தது. அந்த விதி சைக்கிளைப் பேசவில்லை. ஆனால் விழுகிற தரை இரண்டுக்கும் ஒன்றுதான். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நேராக உட்கார வேண்டும். இறங்கி விளையாடப் போகும்போது மறக்காமல் கழற்றுங்கள். சறுக்குமரத்தில் வார் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

கேள்வி: நெதர்லாந்தில் இருக்கும் தம்பி, சைக்கிளுக்குப் பின்னால் இழுக்கும் குழந்தை வண்டி அனுப்புகிறேன் என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா? (கோவை வாசகர்)

பதில்: வண்டி நல்லதுதான். தாழ்வாக இருக்கும், சைக்கிள் சாய்ந்தாலும் பெரும்பாலும் அது சாயாது. ஆனால் அங்கே அதற்குத் தனிப் பாதை இருக்கிறது. நம் சாலையில் அந்தத் தாழ்வே ஆபத்து: பஸ் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது, அகலமும் அதிகம். குடியிருப்பு வளாகத்துக்குள், பூங்காவுக்குள் ஓட்டலாம். அவிநாசி சாலையில் வேண்டாம்.

கேள்வி: இரண்டு குழந்தைகளையும் ஒரே சைக்கிளில்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: ஜப்பான் 2009-ல் அனுமதித்தது; ஆனால் அதற்கென உறுதியான ஃபிரேமும் நல்ல பிரேக்கும் நிலையான ஸ்டாண்டும் கொண்ட சைக்கிளுக்கு மட்டும். நம் வீட்டுச் சைக்கிளுக்கு ஒரு குழந்தையே அளவு.

கேள்வி: மழையில் போகலாமா? (காரைக்கால் வாசகர்)

பதில்: தவிர்த்துவிடுங்கள். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். பின்னால் பாரமும் இருந்தால் வண்டி நிற்க இன்னும் தூரம் எடுக்கும்.

கேள்வி: கால் சக்கரத்தில் சிக்கிவிட்டால் உடனே என்ன செய்வது? (திருவண்ணாமலை வாசகி)

பதில்: காலை இழுக்காதீர்கள், சக்கரத்தைப் பின்னால் சுற்றாதீர்கள். ஒருவர் சைக்கிளையும் குழந்தையையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கம்பியை வெட்டட்டும். பக்கத்துக் கடையில் கட்டிங் பிளேயர் கிடைக்கும். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். சிராய்ப்புதானே என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. நசுங்கிய தோல் முதல் நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும்; சில நாள் கழித்துத்தான் கறுக்கும்.

கேள்வி: இவ்வளவும் படித்தபின் குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே பயமாக இருக்கிறது. விட்டுவிடட்டுமா? (புதுச்சேரி வாசகி)

பதில்: விடாதீர்கள். காற்றும் வெயிலும் பட, வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு வருவது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம்! மெயின் ரோட்டை விட்டுத் தெருவழியாகச் சுற்றிப் போங்கள், நிதானமாக மிதியுங்கள். மற்றதெல்லாம் ஒருமுறை செய்தால் முடிகிற வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடை திறந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், முதலில் அந்த வலையைப் போடச் சொல்லுங்கள்.