கடனில் இருவர், பத்திரத்தில் ஒருவர்

வட்டி குறைவு என்று வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுகிறார் கணவர். வீடு அவர் பெயரில். கையெழுத்து மட்டும் நானும் போட வேண்டுமாம். போடலாமா?
*– வாசகி, தஞ்சாவூர்*

தவணை நின்றால் வங்கி யார் கதவைத் தட்டும்? இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 43-ஆம் பிரிவுப்படி, சேர்ந்து கடன் வாங்கியவர்களில் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். கடனில் முழுப் பொறுப்பு, வீட்டில் பூஜ்யம் என்ற கணக்குக்குச் சம்மதிக்காதீர்கள்.

நானும் தவணை கட்டினால் பங்கு தானாக வந்துவிடாதா?
*– வாசகி, கரூர்*

தானாக வருவது வட்டி மட்டும்தான்! பங்கு வேண்டுமானால் கணவர் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வீடு அடமானத்தில் இருப்பதால் வங்கியின் சம்மதமும் தேவை. கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதானால், அப்போதே இதையும் பேசி முடியுங்கள்.

வரிச் சலுகையாவது கிடைக்குமா?
*– வாசகர், ஓசூர்*

பத்திரத்தில் பெயர் இருந்தால்! பழைய வரிமுறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. உரிமையும் கடனும் இருவர் பெயரில் இருந்து இருவரும் கட்டினால், வீட்டுக்கு 4 லட்சம்.

விவாகரத்து ஆனால் கடனும் விட்டுப்போகுமா?
*– வாசகர், நாகர்கோவில்*

தாலியைக் கழற்றலாம், தவணையைக் கழற்ற முடியாது. வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும், அல்லது ஒருவர் தன் பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க வேண்டும். பிரியும் பேச்சிலேயே இதையும் எழுதி வாங்குங்கள்.