பாலாற்றில் ஒரு தனித்தீவு வேண்டி விண்ணப்பம்

பெறுநர்: உயர் அலுவலர் அவர்கள், சுற்றுலாத் துறை, சென்னை.

நகல்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தகவலுக்காக மட்டும். நடவடிக்கை எடுத்துச் சிரமப்பட வேண்டாம்.

பொருள்: தனித்தீவு ஒரு நாள் சுற்றுலா (இயற்கைக் காட்சி, சாகசம் உட்பட) நடத்த அனுமதி கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

ஆம்பூரில் ஒரு வேன் வைத்து ஓட்டிப் பிழைப்பவன் நான். காலையில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஊரூராக ஏற்றிக்கொண்டு போய் விடுவேன். சாயங்காலம் திரும்ப ஊரூராக இறக்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி சவாரி, முகூர்த்த நாளில் கல்யாண சவாரி. ஆகவே இந்த மனுவில் எங்காவது தோல் தொழிலைக் குறை சொல்வது போலத் தெரிந்தால் அது எழுத்துப் பிழை. அவர்கள் ஷிப்டை நிறுத்தினால் என் வண்டியின் டியூ நின்றுவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி போன் செய்தார். "அண்ணே, பிலிப்பைன்ஸ் போயிருந்தோம். காலையில படகுல ஏத்திட்டுப் போயி ஒரு தீவுல இறக்கிவிட்டாங்க. அந்தத் தீவுல எங்களத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல. குளிச்சோம், குகைக்குள்ள போனோம், அங்கேயே சாப்பாடு, சாயங்காலம் ரூமுக்கு வந்துட்டோம். அந்த மாதிரி உங்க பக்கம் ஏதாச்சும் இருக்கா?" ஏலகிரியில் புங்கனூர் ஏரி இருக்கிறது, படகும் இருக்கிறது என்றேன். "அங்க கூட்டமா இருக்குமே. யாருமே எட்டிப் பாக்காத இடமா வேணும்ணே" என்றார்.

யாருமே எட்டிப் பார்க்காத தண்ணீர்த்துறை என்றதும் எனக்குப் பாலாறுதான் ஞாபகம் வந்தது.

பாலாற்றின் நடுவே எங்கள் பக்கம் எத்தனையோ திட்டுகள் உண்டு. வேலிக்காத்தான் முள் மண்டி, ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் கால் வைக்காமல் கிடக்கின்றன. நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் தீவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் திட்டுகளைச் சூழ்ந்திருந்தது மணல். அதையும் லாரியில் ஏற்றிவிட்டதால் இப்போது சூழ்ந்திருப்பது பள்ளம். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அந்த நாலு நாளைக்கு அது சட்டப்படி தீவு என்பது என் தாழ்மையான கருத்து.

பாலாற்றுக்கென்று விண்ணப்பப் படிவம் எதுவும் அச்சடித்திருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில், வெள்ளைத் தாளில் நானே கோடு போட்டுப் பூர்த்தி செய்து இணைத்திருக்கிறேன். சில கலங்களுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படுகிறது.

நீர்நிலையின் நீளம்: 348 கிலோமீட்டர். நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, நம்மிடம் 222. முடிவில் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. மைசூரும் மதராசும் 1892-ல் தண்ணீர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டபோது அதில் பாலாற்றின் பெயரையும் சேர்த்தார்கள். மேலே ஏரிகள், நடுவில் ஆந்திரத்துத் தடுப்பணைகள், அதற்கும் கீழே ஒப்பந்தம் மட்டும் வந்து சேர்கிறது.

ஆழம்: பூஜ்யம். மணல் அள்ளிய இடங்களில் இரண்டாள் மட்டம்.

நீரின் நிறம்: நாளைப் பொறுத்தது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை தாங்கள் கேட்டிருப்பீர்கள். மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு. இதில் கோயில் கணக்கு 1981-லேயே நேராகிவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். பெயரில் ஜலத்தை வைத்திருக்கும் சாமியையே அழைத்து வந்துவிட்டோம், ஜலம் மட்டும் பாக்கி.

இனி நிகழ்ச்சி நிரல். அதிகாலை ஐந்தரைக்கு மாராப்பட்டுப் பாலம். மழைக்கு மறுநாள் மட்டும்தான் இந்தக் காட்சி. ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக வரும், நுரை நிறைய வரும். காற்றடித்தால் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து பாலத்தின் மேலேயே பறக்கும். சின்னப் பிள்ளைகள் காஷ்மீர் என்று கத்தும். ராத்திரி மழைக்காகவே காத்திருந்து கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நான் பார்த்ததில்லை, அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன். பேப்பரில் படம் வரும், அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள், நுரை அடங்கும். அடுத்த மழைக்குத் திரும்ப வரும். இவ்வளவு ஒழுங்காக நேரம் தவறாமல் நடக்கும் இயற்கைக் காட்சி தங்கள் பட்டியலில் வேறு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஏழு மணிக்குத் தீவுப் பயணம். படகு கிடையாது, நடைதான். உயிர்காப்பு மேலங்கி தேவையில்லை, செருப்பு அவசியம். வேலிக்காத்தான் முள் ஏறினால் மூன்று நாளைக்குக் கடுக்கும்.

தீவில் காலை டிபன் முடிந்ததும் கரையில் இருக்கும் எங்கள் நிலத்துக்கு அழைத்துப் போவேன். அங்கே கிணறு இருக்கிறது. என் தாத்தா காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டித் தண்ணீரை ஏரிக்குத் திருப்பினார்களாம். கையால் நோண்டினாலே ஊறுமாம். இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடுகிறது. வந்தவர்களுக்கு இதைச் செய்தே காட்டலாம் என்றிருக்கிறேன். அடுப்பில் சின்னக் குண்டானை வைத்து, அரை டம்ளர் கிணற்றுத் தண்ணீர், அரை டம்ளர் பால். பொங்குவதற்கு முன்னாலேயே ஓரத்தில் திப்பி திப்பியாக ஒதுங்கும். நடுவில் மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். எங்கள் அம்மா அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார். குண்டானைக் கவிழ்த்துவிட்டு கேன் தண்ணீரைச் சாய்ப்பார். குளிக்கும் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்பு பற்றியிருக்கும், நகத்தால் சுரண்டினால் சில்லாக வரும். பயணிகள் நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டு போகலாம், கட்டணம் இல்லை. தென்னை மரம் நாலு இருக்கிறது. இளநீர் வெட்டித் தருவேன், லேசாகக் கரிக்கும். கடலோரச் சுற்றுலாவின் சுவை கடலில்லாமலே கிடைக்கிறது என்று நோட்டீசில் போட்டுக்கொள்ளலாமா என்று தெரிவிக்கவும்.

மதியம் ஆம்பூர் பிரியாணி. சீரகச் சம்பா, கத்திரிக்காய் தொக்கு. பயப்பட வேண்டாம், காவிரித் தண்ணீரில்தான் வேகும். பாலாற்றங்கரையில் இருக்கும் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் மேட்டூர் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது. ஓர் ஆறு இன்னோர் ஆற்றுக்கு உதவிக்கு வருவதைப் பார்க்க வேறு எங்கே முடியும்?

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டிக்குள் சொற்பொழிவு. இதை நானே பேசுகிறேன். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் குழியில் ஊறும். 1972-ல் சீதாராமையா குழு வந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் குறைத்து, முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் அனுப்பினால் டாலர் கூடுதலாக வரும் என்றது. சர்க்கார் ஒத்துக்கொண்டது, குரோமியம் வந்தது. ட்ரம்மில் போட்டுச் சுற்றினால் வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடியும். தோல் வெளிர் நீலமாக வெளியே வரும், வெட் ப்ளூ என்பார்கள். அழகான நிறம். ட்ரம்மிலேயே தங்கிவிட்டிருந்தால் இந்த மனுவுக்கே அவசியம் இருந்திருக்காது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 170 வகை ரசாயனம். இது நான் சொல்வதில்லை, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் இருக்கிறது.

அந்தத் தீர்ப்புதான் எங்கள் சுற்றுலாவின் முக்கிய ஈர்ப்பு. சட்டக் கல்லூரி மாணவர்களுக்குத் தனிச் சலுகை தரலாம் என்றிருக்கிறேன், ஏனென்றால் அவர்கள் எல்லோரும் இந்த ஊரைப் படித்துத்தான் பாஸ் செய்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே செலவைக் கொடுக்க வேண்டும், சந்தேகம் இருந்தாலே முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று அதில்தான் எழுதினார்கள். ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. தோல் பதனிடும் டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். 2001-ல் இழப்பீடு கணக்குப் பார்த்தார்கள். 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம். வகுத்துப் பார்த்தேன், சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருகிறது. அதுவும் 1998 டிசம்பர் வரைக்கும் நடந்த நஷ்டத்துக்கு. 1999 ஜனவரி முதல் தேதி ஆறு குளித்துச் சுத்தமாகிவிட்டது போலிருக்கிறது.

அப்புறம் 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டை இன்னும் வாங்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள், கெடுத்தவர்களிடம் வசூல் செய்யுங்கள், கண்காணிக்கக் குழு போடுங்கள் என்று. முதல் தீர்ப்பு வந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் இப்போது என் வேனில் ஷூ கம்பெனிக்கு வருகிறார்கள்.

மாலையில் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் ராணிப்பேட்டை. தூரம் அதிகம், டீசல் தனி. உலகப் புகழ் பெற்ற இடம் என்று சொல்லித்தான் அழைத்துப் போவேன், பொய்யில்லை. 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகத்தில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. யுனெஸ்கோ பட்டியலுக்கு மாமல்லபுரக்காரர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள், நாங்கள் மனுப் போடாமலே ஒரு பட்டியலில் ஏறிவிட்டோம். மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுவிட்டுப் போன கழிவு அங்கே லட்சக்கணக்கான டன் கிடக்கிறது. மழைக்காலத்தில் மஞ்சளாகத் தண்ணீர் கசியும். தூரத்திலிருந்து பார்க்கலாம்.

ராணிப்பேட்டையில் இன்னோர் இடத்தில் நான் வண்டியை நிறுத்த மாட்டேன். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் அங்கே கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஷெட்டில் வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் அந்தச் சேற்றில் செத்துப்போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவில்லை.

உண்மையிலேயே தீவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு தேதிதான் இருந்தது, அதுவும் போய்விட்டது. 2021 நவம்பர். ராத்திரியெல்லாம் ஏதோ லாரி ஓடுகிற மாதிரிச் சத்தம். விடிந்து போய்ப் பார்த்தால் கரைக்குக் கரை செம்மண் தண்ணீர். எங்கள் திட்டு நடுவில் நின்றது, வேலிக்காத்தான் தலை மட்டும் தெரிந்தது. ஊரே பாலத்தின் மேல் இருந்தது. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார், பூ போட்டார்கள். எங்கள் அம்மா பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். போகலாம் என்று கூப்பிட்டதற்கு, "இர்றா, இன்னும் கொஞ்சம் பாத்துட்டு வரேன்" என்றார். சுற்றுலா என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒரு நாள்தான். சவாரி எதுவும் கிடைக்கவில்லை, தரைப்பாலங்கள் முங்கிக் கிடந்தன. கிணற்றில் அந்த வருஷம் தண்ணீர் மேலே ஏறி வந்தது. டீ போட்டுப் பார்த்தோம். திரியத்தான் செய்தது.

அனுமதி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. முன்பெல்லாம் ஒரே மாவட்டம். 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆம்பூர் இப்போது திருப்பத்தூரில் இருக்கிறது. நுரை ஒரு மாவட்டத்தில் கிளம்பி அடுத்த மாவட்டத்தில் அடங்குவதால், மூன்று கலெக்டர் ஆபீசிலும் கையெழுத்து வாங்க வேண்டுமா, அல்லது நுரையின் சொந்த ஊர் எதுவோ அங்கே மட்டும் போதுமா என்று தெளிவுபடுத்தவும்.

கட்டணம் தலைக்கு 1,200 ரூபாய், பிரியாணி, இளநீர், கேன் தண்ணீர் உட்பட. அரசுக்குச் சேர வேண்டிய பங்கை டி.டி.யாக எடுத்துத் தருகிறேன்.

இறுதியாக, அனுமதி தரும் முன் தங்கள் அலுவலர் யாராவது நேரில் ஆய்வுக்கு வருவதாக இருந்தால், தயவுசெய்து தேதியை முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல் வரவும். சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கு நுரை இருக்காது. சென்னைப் பார்ட்டியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆம்பூர் வேன்காரன்