உப்பு தின்ற ஜீப்

பிரிட்டனில் பனிக்காலச் சாலையில் உப்புத் தூவித்தான் லேண்ட் ரோவருக்குத் துரு வருகிறது. புதுச்சேரியின் காலாப்பட்டில் வங்கக்கடல் அதை இலவசமாகச் செய்கிறது. பழைய மகிந்திரா ஜீப்பின் மேலே பெயிண்ட் பளபளக்கும். கீழே படுத்து ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸில் ஒரு குத்துக் குத்தினால் அப்பளமாக நொறுங்கும், கூடவே மணலும் கொட்டும். மூடிய பகுதிகளில் ஈரம் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும் சங்கதி இது. டிங்கரிங்காரர் ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் அடித்து, கறுப்புப் பூசி, “பத்து வருஷம் தாங்கும் சார்” என்பார். எது தாங்கும் என்று சொல்லமாட்டார். சேஸிஸையே மாற்றலாமென்றால் வண்டியின் அடையாள எண் பொறித்திருப்பது அதில்தான். போக்குவரத்துத் துறையின் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. 15 வருடம் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்கிற வைபவம் வேறு. வாங்கப் போகிறவரே, பானெட்டைத் திறக்குமுன் சுத்தியலோடு கீழே படுங்கள்.