தேடிவந்து சேர்த்துக்கொள்வார்கள்

அமெரிக்காவில் ஒருவருக்கு டிஸ்ப்ளேசியா என்று பரிசோதனை அறிக்கை வந்தால், தனக்கேற்ற மருத்துவ ஆய்வு எங்காவது நடக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடுகிறார். அரசுப் பதிவேட்டைப் புரட்டுகிறார், மருத்துவரைத் துளைத்தெடுக்கிறார், பக்கம் பக்கமாகச் சம்மதப் படிவம் படிக்கிறார், சந்தேகம் கேட்கிறார், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகிறார். பாவம், எத்தனை அலைச்சல்! நம் நாட்டுப் பெண்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஆய்வே அவர்களைத் தேடிவந்து சேர்த்துக்கொள்ளும். சேர்ந்திருக்கிறோம் என்ற செய்திதான் சில சமயம் வந்து சேராது.

கருப்பை வாயின் மேல்தோலில் உயிரணுக்கள் ஒழுங்கு கெட ஆரம்பிப்பதுதான் அங்கே டிஸ்ப்ளேசியா. அது புற்று அல்ல. புற்றாக மாறலாம், தானே சரியாகியும் போகலாம். மாறுவதென்றாலும் பல வருடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் உறையவைத்தோ வெட்டியோ அகற்றிவிடலாம், கதை முடிந்தது. இத்தனை வருடம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வரும் புற்று வேறு அதிகம் இல்லை. இந்த மரியாதைக்கு நாம் என்ன பதில் மரியாதை செய்தோம் என்பதுதான் விஷயம்.

1976. டெல்லி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் இயங்கிய நிறுவனம் ஒன்று, வெவ்வேறு நிலைகளில் டிஸ்ப்ளேசியா இருந்த ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததும் என்ன செய்தார்கள்? உட்கார்ந்து பார்த்தார்கள். எத்தனை பேருக்கு முற்றுகிறது, எவ்வளவு வேகமாக முற்றுகிறது என்று 1988 வரை குறிப்பெடுத்தார்கள். 71 பேருக்குப் புற்று வந்தது. அதில் ஒன்பது பேருக்கு, சிகிச்சை தொடங்குமுன்பே புற்று திசுவைத் துளைத்துப் பரவும் நிலைக்குப் போயிருந்தது. 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் செய்தி வந்து குட்டு உடைந்தபோது, சம்மதம் வாய்மொழியாக வாங்கினோம் என்றார்கள். வாய்மொழிச் சம்மதத்தில் ஒரு வசதி உண்டு: கோப்பில் இடம் பிடிக்காது, பின்னாளில் யாரும் எடுத்துப் படிக்கவும் முடியாது. மனிதர்கள்மீது ஆய்வு நடத்துவதற்கான அறநெறி அறிக்கையை இதே ஐ.சி.எம்.ஆர். 1980இல் வெளியிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆய்வின் நான்காம் ஆண்டு அது. அறிக்கை அச்சகத்துக்குப் போனது, பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். இருவரும் வழியில் சந்தித்துக்கொள்ளவில்லை.

நியூசிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஆக்லாந்து மகளிர் மருத்துவமனையில் ஒரு பேராசிரியர் இதே நோயின் முற்றிய நிலையில் இருந்த பெண்களுக்குச் சரியான சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தார். 1987இல் இரண்டு பெண்கள் அதை ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். நீதிபதி கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை தந்தார். அதிலிருந்து நோயாளிகளின் உரிமைக்கு ஆணையர் வந்தார், சட்டம் வந்தது. டெல்லி ஆய்வு முடிந்ததும் அதே 1988தான். நமக்கு வந்தது ஆய்வின் முடிவுகள் மட்டும்.

சரி, அது பழைய கதை, அறநெறிக் கையேடுகள் கனக்காத காலம் என்பீர்கள். 1998க்கு வருவோம். மும்பைக் குடிசைப் பகுதிகள். நடத்தியது டாடா நினைவு மருத்துவமனை, பணம் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடையது. சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். சீட்டுக் குலுக்கியதுபோல இருபது பகுதிகளைப் பிரித்து, பத்துப் பகுதிப் பெண்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வினிகர் பரிசோதனை. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உயிரணு கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற பெண் போதும், மருத்துவர்கூட வேண்டாம். ஊறுகாய் போடுகிற சமாசாரம்தான் மருந்து, விலை சில்லறைக்காசு.

மற்ற பத்துப் பகுதிகளுக்கு? ஒரு சொற்பொழிவு. புற்றுநோயின் அறிகுறிகள் என்னென்ன என்று ஒரு தடவை வந்து பாடம் எடுத்தார்கள். அதன்பின் நோயும் சாவும் கணக்கெடுக்க மட்டும் ஆள் வந்தது. வீட்டு வாசலில் நின்று ‘எப்படியிருக்கீங்க?’ என்று கேட்கிற சம்பிரதாயத்தை இதைவிட நேர்மையாக யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். பதில் நிஜமாகவே வேண்டியிருந்தது, அட்டவணைக்கு.

இதேபோன்ற ஆய்வு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் நடந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் 2000இல் தொடங்கியது. இரண்டுக்கும் கேட்ஸ் அறக்கட்டளையின் பணம். திண்டுக்கல்லில் ஊர்களை 57, 57 என்று பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வந்து பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறையவைத்துச் சிகிச்சையும் தந்தார்கள். மறுபாதி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், ஆய்வு மொழியில் ‘கன்ட்ரோல்’: முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள்.

“ஏக்கா, பக்கத்தூருக்கு நர்ஸம்மா வந்து எல்லாரையும் பாத்துட்டுப் போச்சாமே, நம்ம ஊருக்கு வராதா?” என்று ஒருத்தி கேட்டிருந்தால், பதில் சொல்ல யார் இருந்தார்கள்? ‘உங்க ஊர் கன்ட்ரோல்மா’ என்றா சொல்ல முடியும்?

2007இல் திண்டுக்கல் முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரிசோதித்த ஊர்களில் சாவு 35 விழுக்காடு குறைவு. உஸ்மானாபாத்தில், இந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததிலேயே சாவு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. மும்பையில் 31 விழுக்காடு குறைவு என்று 2013இல் சிகாகோ புற்றுநோய் மாநாட்டின் முதன்மை அமர்வில் அறிவித்தார்கள். மகிழ்ச்சி. அந்த விழுக்காட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூன்று ஆய்வுகளிலும் பரிசோதனை கிடைக்காத பக்கத்தில் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பெண்கள். அவர்களில் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றால் செத்துப்போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் எரிக் சூபா என்ற நோயியல் மருத்துவர் விடாமல் புகார் கொடுத்தார். அமெரிக்க அரசுப் பணம் என்பதால் மும்பை ஆய்வை மட்டும் அந்நாட்டு அமைப்பு விசாரித்து, சம்மதம் வாங்கும்போது பெண்களுக்குப் போதிய தகவல் தரப்படவில்லை என்று சொன்னது. பாப் ஸ்மியர் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, வேறிடத்தில் செய்துகொள்ளலாம் என்பதைச் சொல்ல வேண்டாமா? அப்போதே அதற்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

இந்தியாவில் ஏழைப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைப்பது எதுவுமில்லை, ஆகவே ஒரு பாதிக்கு எதுவும் தராததில் குற்றமில்லை என்பது அவர்கள் தரப்பு. என்ன அழகான தர்க்கம்! சர்க்கார் பல வருடமாக ஒன்றும் செய்யவில்லை, அந்த ஒன்றுமில்லாமையே விஞ்ஞானத்துக்கு அளவுகோலாகிவிட்டது. இந்தக் கணக்கில் பட்டினி கிடக்கிற ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டுவிட்டு, சோறு உயிர் காக்கும் என்று கட்டுரை எழுதலாம். அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்: ஆதாரம் இல்லாமல் அரசு பணம் தராது, ஒப்பிட ஒரு கூட்டம் இல்லாமல் ஆதாரம் வராது. ஆதாரம் வந்தது அல்லவா? அதற்குப் பிறகு வந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

இப்படியெல்லாம் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டுமா, வேறு வழியே கிடையாதா? அமெரிக்காவில் ஆங்கர் என்று ஒரு ஆய்வு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆசனவாயில் வரும் முற்றிய டிஸ்ப்ளேசியா. சிகிச்சை தந்த ஒரு பாதி, தராமல் கண்காணித்த ஒரு பாதி, மொத்தம் 4,400க்கும் மேற்பட்டவர்கள். இங்கும் ஒரு பாதிக்குச் சிகிச்சை இல்லைதான். ஆனால் அது அவர்களுக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டிருந்தார்கள், குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்தார். சிகிச்சையால் புற்று பாதிக்கும் மேல் குறைகிறது என்று 2021இல் தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, மறுபாதிக்கும் சிகிச்சை தர முன்வந்தார்கள். மும்பையில் இரண்டு பாதிகளும் பன்னிரண்டு வருடம் ஓடின.

கையெழுத்து என்றதும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டச் சிறுமிகள் நினைவுக்கு வருகிறார்கள். 2009இல் அவர்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். ஊசியின் நன்மை வேறு விஷயம், அதில் எனக்குச் சண்டையில்லை. படிவத்தை மட்டும் பார்க்கலாம். நாடாளுமன்ற நிலைக்குழு சரிபார்த்த 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரே கையால் நூறு குழந்தைகளுக்குத் தாயும் தந்தையுமாவது தெய்வத்தால்கூட முடியாத காரியம். இது ஆய்வே அல்ல, செயல்விளக்கத் திட்டம் என்றும் சொல்லப்பட்டது. ஆய்வு என்றால்தானே விதிகள்?

இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்கிறார்கள். 2007 முதல் இந்தியாவுக்கும் மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது. 2009இலிருந்து பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம், ஆங்கிலம் தெரிந்தால். சில ஆய்வுகளில் சம்மதம் வாங்குவதை வீடியோ எடுக்கவும் விதி வந்துவிட்டது. ஆகவே சகோதரிகளே, இனி நீங்களும் அமெரிக்கப் பெண்மணிபோலத் தேடிப்பிடித்துச் சேரலாம்.

ஒரே ஒரு சிக்கல். டிஸ்ப்ளேசியாவுக்கான ஆய்வைத் தேட, முதலில் தனக்கு டிஸ்ப்ளேசியா இருப்பது தெரிய வேண்டும். அது வலிக்காது, வெளியே தெரியாது. யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பொறுத்துப் பார்ப்போம் என்ற அந்தக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதோ: 2019–21 கணக்கின்படி, முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 1.9 பேர். ஆரம்ப சுகாதார நிலையம்வரை வினிகர் போய்ச் சேர்ந்திருக்கிற தமிழ்நாட்டில் 9.8, அதற்கே நாம் முன்னோடி மாநிலம். மீதிப் பேரெல்லாம் படிவமும் கைநாட்டும் இல்லாமல், எண்ணிக்கொள்ளக்கூட ஆள் வராமல், கன்ட்ரோல் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.