பானெட் வைத்தியர்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், அச்சரப்பாக்கத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, கத்திரி வெயில் கொளுத்தும் ஒரு மத்தியான வேளையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனித சஞ்சாரமே இல்லாத ஓரிடத்தில் காரை நிறுத்தி அதன் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள், ஐந்து நிமிஷத்துக்குள், எந்தப் புளியமரத்தடியிலிருந்தோ, எந்த டீக்கடைப் பெஞ்சியிலிருந்தோ, மடித்துக் கட்டிய லுங்கியும் தோளில் துண்டும் காதில் செருகிய பீடியுமாக ஒருவர் பிரசன்னமாகி, "என்னா ஸார், வண்டி மக்கர் பண்ணுதா?" என்று விசாரிக்காவிட்டால், அது தமிழ்நாட்டுச் சாலையே அல்ல.

அவர் தொழிலால் மெக்கானிக் அல்லர். விவசாயியாகவோ, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டராகவோ, லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவாகவோ இருப்பார். சொந்தத்தில் சைக்கிளுக்கு மேற்பட்ட வாகனம் வைத்திருந்ததாகத் தகவல் இல்லை. ஆயினும் மோட்டார் சாஸ்திரத்தில் அவருக்குச் சந்தேகம் என்பது உதித்ததே கிடையாது. கூலி கேட்கமாட்டார்; வற்புறுத்தினால் ஒரு டீயை அங்கீகரிப்பார். இத்தகைய பிரதிபலன் கருதாத உபகாரியைக் குறை கூறுவது பாவந்தான்; ஆனால் கூறாமலிருப்பது உயிருக்கு ஆபத்து.

அவருடைய குருகுலவாசம் அம்பாஸடர் காலத்தில் நடந்தது. அக்காலத்து வித்தையைப் பழிப்பதற்கில்லை. பம்பு காய்ந்து உள்ளேயிருக்கும் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், துணியை நனைத்துப் பம்பின்மேல் சுற்றிச் சற்றுப் பொறுத்திருந்தால் புறப்பட்டுவிடும் என்பதும், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் செத்த எஞ்சின் பிழைக்கும் என்பதும் அனுபவசித்தமான உண்மைகள். உத்தர்பாராத் தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று; வைத்தியரின் வித்தை நிற்கவில்லை. இக்காலத்து எஞ்சினின் தலைமேல் கவிழ்த்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைக் கணநேரம் உற்று நோக்கி, கார்புரேட்டர் என்ற வஸ்து அதில் இருப்பதற்கான சுவடே காணாமல், சிறிதும் கலங்காமல், "கார்பரேட்டர்ல கச்சடா அடைச்சிருக்கு ஸார்" என்று தீர்ப்பளிப்பார்.

ரேடியேட்டர் கொதிக்கும்போதுதான் மனிதர் உண்மையிலேயே பயங்கரமானவர். அதன் மூடி அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதால், உள்ளேயுள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் கிடக்கிறது. மூடியைத் திருகிய மாத்திரத்தில் அழுத்தம் விலக, அது குபீரென்று ஆவியாகிச் சீறி, எதிரே இருப்பவரின் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, தொட்டால் சுடாத பக்குவம் வந்த பிறகே அதில் கை வைக்க வேண்டும். காருக்குள்ளிருந்து அம்மாள், "அண்ணே, கொதிக்குது, தொடாதீங்க" என்று பதறினால், "இதெல்லாம் நமக்குப் பழக்கம்மா" என்று புன்னகை பூத்து, துண்டின் ஒரு நுனியை நான்காக மடித்து மூடியின்மேல் வைத்து, முகத்தை மட்டும் ஒருபுறமாகத் திருப்பிக்கொள்வார். அவர் கற்ற ஜாக்கிரதை அவ்வளவே. துண்டின் மறுநுனியோ மின்விசிறிக்கு எதிரே ஊசலாடிக்கொண்டிருக்கும். எஞ்சினை அணைத்த பின்பும் உஷ்ணம் மிகுந்தால் தானாகவே சுழலத் தொடங்கும் விசிறி அது என்பது அவருக்கும் தெரியாது, துண்டுக்கும் தெரியாது. அடுத்தபடியாக, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலைக் கேட்பார். அனலாய்க் காயும் எஞ்சினில் ஜில்லென்ற நீரை விட்டால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழக்கூடும் என்று யாரேனும் சொன்னால், "பச்சத் தண்ணிதான ஸார்!" என்பார். உஷ்ணமானியின் முள் ஏறத் தொடங்கும்போதே ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டால், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே இறங்கி, ஓரிடம் பார்த்து நிறுத்தும் வரை சமாளிக்கலாம் என்ற யோசனையைக் கேட்டாலோ, வயிறு குலுங்கச் சிரிப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வேகத்தான் வேண்டும், எஞ்சின் பிழைக்கும்.

பங்க்சர் கேஸில் அவருக்கு அவசரம் மிகுதி. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளைச் சற்று நெகிழ்த்திக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, அப்புறமே ஜாக்கியைத் தொட வேண்டும் என்பது முறை. அவரோ முதலில் வண்டியைத் தூக்கிவிடுவார். அந்தரத்தில் நிற்கும் வண்டியின் இறுகிய நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று குதிப்பார். உள்ளே பாப்பா தூங்குகிறதென்று ஓர் அத்தை இறங்க மறுத்து உட்கார்ந்திருப்பாள். ஜாக்கியின் பாதம் மண்ணில் மெல்ல மெல்லப் புதைந்துகொண்டிருக்கும்.

பாட்டரி படுத்துவிட்டால், டீக்கடைப் பட்டாளத்தையே கூட்டிவந்து தள்ளச் சொல்லி, "செகண்ட்ல போட்டு கிளட்ச்சை விடுங்க ஸார்!" என்று முழங்குவார். அரை பர்லாங்கு தள்ளிய பிறகு, அது கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி என்று தெரியவரும்.

இவையெல்லாம் கூட மன்னிக்கத்தக்கவை. மன்னிக்க முடியாதது அவர் நிற்கும் இடம். லாரிகள் பறந்து வரும் திசைக்கு முதுகைக் காட்டி, பாதி உடல் சாலையிலும் பாதி பானெட்டுக்குள்ளுமாக நின்றுகொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் தம் பக்கத்திலேயே வரிசையாக நிறுத்திக்கொள்வார். வண்டி நின்ற கணத்தில் செய்ய வேண்டிய முதல் காரியம் எஞ்சினைப் பற்றியதே அன்று. இயன்றவரை இடதுபுற மண்ணோரத்துக்கு உருட்டிக் கொணர்ந்து, நான்கு மூலை விளக்குகளையும் மினுக்கவிட்டு, பயணிகளை இடப்புறக் கதவால் இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்தி, பின்னால் ஐம்பது மீட்டராவது நடந்து சென்று சிவப்பு முக்கோணத்தை வைக்க வேண்டும். அந்த முக்கோணமோ, வண்டி வாங்கிய நாள் முதல் உறை பிரியாமல், டிக்கியில் புளி மூட்டைக்கும் திருப்பதி லட்டுக்கும் அடியில் யோகநித்திரை புரிந்துகொண்டிருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும் என்பதும் பலருக்கு நினைவில் வருவதில்லை; வைத்தியர்தாம் வந்துவிட்டாரே!

முக்கோணத்துக்குப் பதிலாக அவர் கையாளும் உபாயம் நாடறிந்தது: ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் போடுவார், அதற்குப் பின்னால் தலையளவு கருங்கற்கள் மூன்றை வரிசையாக அடுக்குவார். பகலில் அது ஓரளவு பலிக்கிறது. கார் எப்படியோ உயிர் பெற்று, நன்றி கூறிப் புறப்பட்டுப் போனபின், அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடையை நோக்கி நடப்பார். கிளை காற்றில் போய்விடும். கற்கள் அங்கேயே கிடக்கும். இருட்டியதும் குழந்தையையும் மனைவியையும் பின்னால் அமர்த்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவனுக்கு, அவை விளக்கொளியில் புலப்படுவதற்குள் சக்கரம் அவற்றின்மேல் ஏறியிருக்கும்.

வைத்தியர் அவர்களே, கார்புரேட்டரை எங்கு வேண்டுமானாலும் தேடுங்கள். ஆனால் டீக்குப் போகுமுன் அந்த மூன்று கற்களையும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள்.