மீட்டர் திருப்பாத வண்டி

கார் வாங்க வசதியில்லாதவனுக்குக் கார் ஏலச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் வரக்கூடாது. எனக்கு வந்துவிட்டது. தேவாரம் திருவாசகம் என்று ஒதுங்க வேண்டிய வயதில், கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் எந்த வண்டி எத்தனை கோடிக்குப் போனது என்று தெரிந்துகொண்டால்தான் தூக்கம் வருகிறது. கோடிகள் கைமாறுகின்றன, அதில் என் பணம் ஒரு பைசா இல்லை. இதைவிட நிம்மதி வேறென்ன?

என் இஷ்ட தெய்வம் மெக்லாரன் எஃப்1. இங்கிலாந்தில் 1992 முதல் 1998 வரை செய்தார்கள். மொத்தமே 106. அதில் ரேஸ் வண்டி, சோதனை வண்டி, சிறப்பு மாடல் எல்லாம் கழித்தால், ரோட்டில் ஓட்டுவதற்கான சாதா மாடல் 64தான். பி.எம்.டபிள்யூ செய்து கொடுத்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின், 627 குதிரைத்திறன். 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்டது. இத்தனை வேகத்துக்கு ஏ.பி.எஸ். பிரேக் கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது. வடிவமைத்த கார்டன் மர்ரிக்கு எடை கூடுவது பிடிக்காது.

எஞ்சின் அறையின் சூடு வெளியே பரவாமலிருக்க உள்ளே தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். வீட்டில் இந்தத் தகவலை ஆசையாகச் சொன்னேன். "செய்கூலி, சேதாரம் போட்டானாமா?" என்று கேட்டுவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

இருக்கை மூன்று. ஓட்டுகிறவர் நட்டநடுவில், மற்ற இருவர் சற்றுப் பின்தள்ளி ஆளுக்கொரு பக்கம். நடுவில் உட்கார்ந்தால் ரோடு சமமாகத் தெரியும் என்பது மர்ரியின் கணக்கு. இரண்டு காதுக்கும் சமமாக யோசனை வரும் என்பதையும் கணக்கில் சேர்த்திருக்கலாம். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எவனும் இப்படியொரு காரை வரைந்திருக்க மாட்டான்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்க எனக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கோவையில் எங்கள் பகுதியில் பழைய கார் வாங்கி விற்கிற அண்ணன். அவர் ஒரு வண்டியைப் பார்ப்பதே தனி அழகு. பெயின்டின் பளபளப்பை ஏறிட்டும் பார்க்க மாட்டார். நேரே கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கை ஒரு இழு. உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசை பிசகாமல் இருக்கிறதா என்று விரலால் தடவுவார். பிறகு டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் ஒடுக்கு எடுத்த தடம் தெரிகிறதா என்று டார்ச் அடிப்பார். கடைசியில்தான் மீட்டர். அதைப் பார்த்ததும் லேசாகச் சிரிப்பார். விற்க வந்தவனுக்கு அங்கேயே பத்தாயிரம் போச்சு.

அவரிடம்தான் ஒரு எஃப்1 ஏலம் போன கதையைச் சொன்னேன். "1995 மாடல். 2021இல் பெபிள் பீச்சில் 2 கோடியே 4 லட்சம் டாலருக்கு மேல் போச்சு. அப்போ நம்ம காசுக்கு 150 கோடி."

"எத்தனை கிலோமீட்டர்ங்க ஓடியிருக்குது?"

"390."

"390 ஆயிரமா?"

"வெறும் 390."

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "26 வருசத்துல 390ஆ? மதுரைக்குப் போயிட்டு வந்தாலே தாண்டிருமேங்க. மீட்டரைத் திருப்பிட்டானுங்க சார்."

இல்லை, நிஜமாகவே ஓட்டவில்லை, அதனால்தான் அந்த விலை என்று விளக்கினேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. நிறுத்தியே வைத்தால் டயர் இறுகிவிடும், பேட்டரி செத்துவிடும், ரப்பர் சாமான் எல்லாம் வெடித்துவிடும் என்று அடுக்கினார். அவர் சொன்னது சரிதான். இந்த வண்டி ஓடினாலும் நின்றாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் டேங்க்கை மாற்றியாக வேண்டும். மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். "எஞ்சின் இறக்குன வண்டின்னு தெரிஞ்சா இங்க ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டானுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னேன். இந்தக் காரோடு பேசுவதற்காகவே 1990களின் காம்பேக் லேப்டாப்புகளைக் கம்பெனிக்காரர்கள் பல வருடம் கட்டிக் காத்தார்கள். வண்டியின் கம்ப்யூட்டர் அதற்குத்தான் பதில் சொல்லுமாம். அண்ணனுக்கு இதில் ஆச்சரியமில்லை. அவருடைய மெக்கானிக்கும் ஒரே ஒரு ஸ்பேனருக்குத்தான் கட்டுப்படுவாராம்.

பிறகு மிஸ்டர் பீன் கதைக்கு வந்தேன். டி.வி.யில் மினி காருக்குப் பூட்டுப் போட்டுப் பூட்டிய அதே ரோவன் அட்கின்சன்தான் நிஜ வாழ்க்கையில் எஃப்1 வைத்திருந்தார். பாதுகாத்து வைக்கவில்லை, 41,000 மைல் ஓட்டினார். 1999இல் ஒரு மெட்ரோ காரின் முதுகில் கொண்டுபோய் இடித்தார். 2011இல் ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதினார், வண்டி தீப்பிடித்தது. இன்சூரன்ஸ் கம்பெனி 9 லட்சம் பவுண்டுக்கு மேல் அழுதது. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பழுதுபார்த்தார்கள்.

"டோட்டல் லாஸுங்க. உடைக்கத்தான் போடோணும்."

"2015இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். வாங்கினதைவிடப் பல மடங்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் முகம் தெளிந்தது. "மிஸ்டர் பீன் வண்டிங்கறீங்க. அதைச் சொல்லிச் சொல்லியே வித்திருப்பானுங்க. நானா இருந்தா அவர் சீட்டுல உக்காந்த போட்டோவையும் ஃப்ரேம் போட்டுக் குடுத்திருப்பேன்."

பெபிள் பீச் ஏலக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு செய்வதும் இதுதான். முதல் பில், சர்வீஸ் புத்தகம், யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறு எல்லாம் கோப்பாக வரும். டைட்டானியம் ஸ்பேனர் செட் உறை கலையாமல் இருக்க வேண்டும். வாங்குகிறவர் காருக்குப் பாதி கொடுக்கிறார், அதன் ஜாதகத்துக்குப் பாதி. அண்ணனும் அப்படித்தான். அவர் இதுவரை விற்ற வண்டி எல்லாமே டாக்டர் ஓட்டியது. அத்தனை டாக்டர்கள் கோவையில் இருந்திருந்தால் ஊரில் ஒருவருக்குக்கூட ஜலதோஷம் வந்திருக்காது.

ஈலான் மஸ்க் கதையையும் விட மனமில்லை. 2000இல் தொழில் கூட்டாளி பீட்டர் தீலைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது என்ன செய்யும் என்று காட்டப்போய், அவரும் தன் எஃப்1ஐப் பறக்கவிட்டு நொறுக்கினார். இன்சூரன்ஸ் இல்லை.

"தேர்ட் பார்ட்டிகூட இல்லீங்களா?" அண்ணன் உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த ஆள் பிற்காலத்தில் ராக்கெட் விட்டதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை.

கடைசியில், ஒருவேளை எனக்கு லாட்டரி விழுந்தால் இந்த வண்டியை இங்கே இறக்க முடியுமா என்று கேட்டேன். பழைய கார் இறக்குமதி என்றால் மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே அடித்தார். "அப்புறம், ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கோணும். நம்ம வண்டிக்கு?"

"நடுவில்."

அண்ணன் யோசித்தார். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒருத்தரு இருக்காருங்க. நடுவுலயே இருந்தாலும், கொஞ்சம் சாஞ்சு நின்னு பாத்தா வலது பக்கமாத் தெரியும்பாரு. கேட்டுப் பாக்கட்டுங்களா?"