எக்ஸ்போர்ட் அளவியல்: அரை பிக்சலும் கடல்கொண்ட எட்டு வரிகளும்

அனிமேஷன் வீடியோவை எந்த அளவில் எக்ஸ்போர்ட் செய்வது என்னும் ஐயம், பெரும்பாலும் படம் முடிந்து, பில்லும் போட்டு, வாடிக்கையாளர் "ரீல்ஸுக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள்" என்று சொன்ன பிறகே பிறக்கிறது. இவ்வாறு காலந்தாழ்ந்து பிறந்த ஐயத்துக்கு விடையே கிடையாது என்பது இக்கட்டுரையின் துணிபு. அளவு என்பது முதல் ஃப்ரேமை வரையுமுன் முடிவாக வேண்டியது. இதனை மறுப்போர் உளர். அவர்தம் கூற்றை முதலில் எடுத்துரைத்துப் பின் மறுப்பது மரபு. மறுக்க எளிதான கூற்றை மட்டும் எடுத்துரைப்பதும் மரபே.

அளவுகள் நால்வகைப்படும். யூடியூபுக்கும் டிவிக்கும் உரியது கிடைப்படம்: 1920க்கு 1080, அதாவது 16:9. இது இயற்கை விதியென்று நம்புவோர் மிகுதி. உண்மையில் பழைய டிவியின் 4:3க்கும் அகலத்திரை சினிமாவின் 2.35க்கும் பெருக்கல் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 1.77 வரும். 1980களில் அமெரிக்கப் பொறியாளர்கள் செய்துவைத்த சமரசம் அது. இரு தரப்புக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை, ஆகவே நிலைத்துவிட்டது. ரீல்ஸ், ஷார்ட்ஸுக்கு உரியது நெடும்படம்: 1080க்கு 1920. இன்ஸ்டாகிராமில் நடுத்தரமாக நிற்பது 4:5: 1080க்கு 1350. சதுரம் 1080க்கு 1080. இதற்கு உரை வேண்டியதில்லை. மேலும் கீழும் மங்கலான பின்னணி போட்டு நிரப்புவோர்க்கு இக்கட்டுரையில் இடமில்லை.

அற்றேல், கிடைப்படத்தை எடுத்து நடுவில் வெட்டி நெடும்படம் ஆக்கிக்கொள்ளலாமே எனின், அற்றன்று. 1080 உயரத்தை அப்படியே வைத்து 9:16க்கு வெட்டினால் கிடைக்கும் அகலம் 607.5 பிக்சல். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; இடமிருந்து வலமாக ஓடும் நாயகன் பாதி நேரம் படத்திலேயே இருக்க மாட்டான். அது சிறு குறை. பெருங்குறை அந்தப் புள்ளி ஐந்து. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று அளந்து கொடுத்தது நம் இலக்கணம். வீடியோவிலோ அரை பிக்சலுக்கு இடமில்லை. முழு எண்ணான 607க்கும் இடமில்லை. ஏனெனில் வழக்கமான எக்ஸ்போர்ட்டில் ஒளி பிக்சலுக்குப் பிக்சல் தனியாகவும், நிறம் இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சலுக்குப் பொதுவாகவும் பதிவாகிறது. ஆகவே ஒற்றைப்படை அகலம் ஆகாது. எஞ்சுவன 606, 608 என்னும் இரு கட்சிகள். 608ஐ 1080 ஆகப் பெரிதாக்கினால் உயரம் 1918.4 ஆகி ஒன்றரை வரி குறைகிறது. 606ஐப் பெரிதாக்கினால் 1924.8 ஆகி ஐந்து வரி மிகுகிறது. இதற்குச் சுவடிச் சான்றும் உண்டு. 'ஃபைனல்' என்னும் கோப்பு 606 என்று பாடம் கொள்கிறது. 'ஃபைனல் 2' 608 என்கிறது. 'ஃபைனல் ஒரிஜினல்' அவ்விடத்தில் செல்லரித்துள்ளது. 'ஃபைனல் இதுதான்' காலத்தால் பிந்தியதாயினும் பாடத்தால் முந்தியது என்று உரைகாரர் ஒருவர் சாதிக்கிறார். அந்தக் கோப்பு யாருக்கும் திறப்பதில்லை. ஆதலால் அவர் கொள்கை இன்றளவும் மறுக்கப்படவில்லை.

அற்றேல், வெட்டவே வேண்டாம், நேரே 1080 என்று வரைந்தால் குறையில்லையே எனின், இங்கேதான் கடல் புகுகிறது. ஹெச்.264 முறை படத்தை 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. 1080ஐ 16ஆல் வகுத்தால் 67.5. ஆகவே அது 1088 வரிகளை எழுதிக்கொண்டு, காட்டும்போது கடைசி 8 வரிகளை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் 15,360 பிக்சல் நீரில் மூழ்குகிறது. சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்குநல்லார் கடல்கொண்ட பழந்தமிழ் நிலத்துக்கு 700 காவதமும் 49 நாடுகளும் கணக்குச் சொன்னார். பின்வந்தோர் அதற்கு வரைபடமே வரைந்தனர். நம் 8 வரிகளுக்கு இதுவரை ஒரு வரைபடமும் இல்லை என்பது துறையின் இழுக்கு. மூழ்குவது கிடைப்படத்தில் தெற்கே. நெடும்படத்தில் அகலம் 1080 ஆதலால் கிழக்கே, வலப்புறத்தில். உரை வேண்டாம் என்று முன்பு தள்ளிய சதுரத்திலோ தெற்கும் கிழக்கும் சேர்ந்தே மூழ்குகின்றன. அக்கூற்றை இதனால் திருத்திக்கொள்க. 4:5இல் கிழக்கே 8, தெற்கே 10. மறைந்த வரிகளில் இருப்பது யாது எனின், பெரும்பாலும் விளிம்பில் நின்ற பிக்சல்களையே திரும்பத் திரும்ப எழுதி நிரப்பிவிடுவது வழக்கம். பக்க எண்ணிக்கை குறைந்த ஆய்வேடுகளிலும் இம்முறையே கையாளப்படுதல் காண்க.

யாருமே பார்க்காத வரிகளுக்கு எதற்கு ஆராய்ச்சி என்பார் கடைசி மறுப்பாளர். யாரும் பார்க்காமை தடையெனில், பல்கலைக்கழக நூலகங்களில் பாதி அலமாரி காலியாகும். இனி, 720உம் 2160உம் 16ஆல் மீதியின்றி வகுபடுதலின் கடல்கோளுக்குத் தப்பின. ஹெச்.265 முறையோ 8க்கு 8 வரை இறங்கிக் கட்டம் அமைக்க வல்லது. 1080 அதில் சரியாக அடங்கும், நீர் வடிந்துவிடும். 1350 மட்டும் அதிலும் அடங்குவதில்லை: 1352 ஆகி, இரண்டு வரி அப்போதும் நீருக்குள்ளேயே கிடக்கும். அவ்விரண்டு வரிகளில் எந்தெந்த நாடுகள் இருந்தன என்பது தனி நூலாக வரும். முன்பதிவுக்கு விலைச் சலுகை உண்டு.